தோட்டத்து ராப் எஃப்.எம்.மில் ஒலிக்க வேண்டுமென்றால் எதை விடலாம், எதை விடக்கூடாது?

மஸ்கெலியா மைக்

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பாடுகிறவர்களும் இருக்கிறீர்கள், ரேடியோவில் வேலை செய்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கேள்வியை இங்கே போடுகிறேன்.

நானும் கூட்டாளிமாரும் சேர்ந்து ஒரு ராப் பாட்டு செய்திருக்கிறோம். கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொட்டகையில், நிறுவை நேரத்தில் நடப்பதுதான் கதை. பீட் நாங்களே போட்டது, கோரஸுக்கு மட்டும் தப்பு மேளம். ஒரு தனியார் எஃப்.எம்.முக்கு அனுப்பினோம். அங்கிருந்து தயாரிப்பாளர் ஒருவர் போன் எடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். பாட்டு பிடித்திருக்கிறதாம், கோரஸ் வாயில் ஒட்டிக்கொள்கிறதாம். ஆனால் இரண்டாம் சரணத்தை மாற்றித் தர வேண்டுமாம். அந்தச் சரணம் இது:

தராசு முள்ளு இருபதத் தொட்டா தண்ணிக்கு ரெண்டு கழிச்சான்
கூடைக்கு ஒண்ணு முத்தலுக்கு ஒண்ணு பேனா முனையில அழிச்சான்
மழையில நனைஞ்சது கொழுந்து மட்டுமா?
எங்கம்மா முதுகயும் சேத்தே கழிச்சான்

இதை எடுத்துவிட்டு, உழைத்தால் உயரலாம் என்கிற மாதிரி நம்பிக்கையாக நாலு வரி எழுதித் தந்தால் போடலாம் என்றார். விளம்பரம் தருகிறவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

கூட்டாளிமாரில் ஒருத்தன், மாற்றிக் கொடுப்போம், ஒரு தடவை உள்ளே போய்விட்டால் அடுத்த பாட்டில் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறான். இன்னொருத்தன் ரேடியோவே வேண்டாம், யூடியூப் போதும் என்கிறான். எனக்கு எந்தப் பக்கமும் போக மனமில்லை. சமூகத்தைப் பேசுகிற ஹிப்ஹாப் பெரிய ரேடியோக்களில் ஓடியிருக்கிறதா? ஓடியதென்றால் எதைக் கொடுத்து அந்த இடத்தை வாங்கியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை செல்வா

தம்பி, சரணம் நெஞ்சில் அடிக்கிறது. அதை மாற்றாதே. ரேடியோவுக்கும் போகாதே.

2010 கடைசியில் துனீசியாவில் எல் ஜெனரல் என்கிற பையன் ஜனாதிபதியை நேருக்கு நேர் பார்த்துப் பாடினான். அங்கே எந்த ரேடியோ அதைப் போடும்? பேஸ்புக்கில் விட்டான். 2011 ஜனவரியில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குள் நாடே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அதே மாதம் ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடினார். ரேடியோவின் தயவு எங்கேயும் தேவைப்படவில்லை.

விளம்பரக்காரனுக்குப் பயப்படுகிற இடத்துக்கு நம் தாய்மாரின் கூடையைத் தூக்கிக்கொண்டு போய், இதில் எதை எடுக்கட்டும் என்று நாமே கேட்கலாமா? என்னால் ஏற்க முடியவில்லை.

ஊவாக்காரி

செல்வா அண்ணே, கோபம் நியாயம்தான். ஆனால் இந்தப் பாட்டு யாரைப் பற்றியதோ அவர்கள் யூடியூப்பில் இல்லை.

என் அம்மா பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். விடிய நாலரைக்கு எழும்பி ரொட்டி தட்டுவார், சம்பல் இடிப்பார், தம்பிக்குச் சட்டை தேடுவார். அந்த நேரம் முழுக்க ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். மலைக்குப் போகும்போது பட்டன் போனில் எஃப்.எம். போட்டு, இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குக்குள் செருகிக்கொள்வார். பக்கத்து நிரையில் நிற்கிற இரண்டு மூன்று பேருக்கும் சேர்த்து அந்த ஒரு போன்தான் பாடும். இரண்டு கையும் கொழுந்தில் இருக்கும்போது யார் வீடியோ பார்ப்பது? டேட்டா போடக் காசும் வேண்டும், காசு இருந்தாலும் அந்தப் பள்ளத்தில் சிக்னல் வேண்டும்.

கொழும்பில் இருக்கிற நானும் நீங்களும் பார்த்துவிட்டு லைக் போட்டால் பாட்டு ஓடிவிட்டதாகக் கணக்காகிறது. அம்மாவுக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. அதனால்தான் நான் ரேடியோ வேண்டும் என்கிறேன். மைக் தம்பி, சரணத்தோடு ரேடியோவுக்குப் போகிற வழியைத் தேடுவோம். சரணம் இல்லாமல் போய் ஒரு பிரயோசனமும் இல்லை.

பழைய கன்சோல்

நான் கொழும்பில் ஒலிப்பதிவுப் பக்கம் வேலை செய்து ஓய்வுபெற்றவன், இப்போது நாவலப்பிட்டியில் இருக்கிறேன். தம்பி கேட்ட கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ் என்ற பெயரில் 'தி மெசேஜ்' வந்தது. அதுவரை ராப் என்றால் பெரும்பாலும் ஆட்டம், கொண்டாட்டம், நான்தான் பெரியவன் என்கிற பேச்சு. இந்தப் பாட்டு நியூயோர்க்கின் ஏழைக் குடியிருப்பை அப்படியே சொன்னது: உடைந்த கண்ணாடி, நாற்றம், எலி, கரப்பான், கடன்காரன். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் குழுவுக்கே இதைப் பாட விருப்பமில்லை. ஆட வந்தவர்களிடம் அவர்களுடைய கஷ்டத்தையே பாடினால் யார் கேட்பார்கள் என்று தயங்கினார்கள். பாட்டின் பெரும்பகுதியை எழுதியவர் டியூக் பூட்டி என்ற எட் ஃபிளெட்சர். கடைசியில் அவரும் குழுவிலிருந்து மெலி மெல் ஒருவரும்தான் குரல் கொடுத்தார்கள். அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை போடுகிற பொதுப் பாட்டுப் பட்டியலில் இது 62ஆம் இடம், கறுப்பின இசைப் பட்டியலில் 4ஆம் இடம். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று பட்டியல் போடத் தொடங்கியபோது, 2002ஆம் ஆண்டின் முதல் பட்டியலிலேயே இடம்பிடித்த ஒரே ஹிப்ஹாப் பதிவு இதுதான்.

அடுத்து 1992. அரெஸ்டட் டெவலப்மென்ட் குழுவின் 'டென்னசி'. அதை எழுதிய ஸ்பீச் என்பவர் அடுத்தடுத்துப் பாட்டியையும் அண்ணனையும் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு, தன் முன்னோர் நடந்த மண்ணுக்கு என்னைக் கூட்டிப் போ என்று கடவுளிடம் கேட்கிறார். அந்த மண்ணில் கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்ட கதையும் பாட்டுக்குள் வருகிறது. இது பில்போர்டில் 6ஆம் இடம்வரை போனது. 1993இல் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி விருதும் வந்தது, ஹிப்ஹாப் குழு ஒன்று அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை.

இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான். ரேடியோவுக்காக அவர்கள் நீளத்தைக் குறைத்திருப்பார்கள், கெட்ட வார்த்தையைக் குறைத்திருப்பார்கள், கோரஸை இனிமையாக்கியிருப்பார்கள். உடைந்த கண்ணாடியையும் தூக்கு மரத்தையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பாட்டில் மிஞ்சுவது பொதுவான புலம்பல்தான், அதை ஒரு தரம் கேட்டவன் மறு தரம் கேட்கமாட்டான். உங்கள் சரணத்தில் கழிகிற அந்த இரண்டு கிலோதான் பாட்டைத் தாங்குகிறது. தயாரிப்பாளருக்குச் சங்கடமான இடமும் அதுதான், கேட்கிறவனுக்கு மனதில் நிற்கப்போகிற இடமும் அதுதான்.

கொட்டகலை செல்வா

ஐயா, நீங்கள் சொன்னது நடந்த காலத்தில் அங்கே ஊருக்கு ஊர் தனி ரேடியோ இருந்தது, தன் விருப்பத்துக்குப் பாட்டுப் போடுகிற அறிவிப்பாளர் இருந்தார். 1996இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, நாடு முழுக்க ஒருவர் எத்தனை ரேடியோ வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்றாக்கிவிட்டார்கள். கிளியர் சேனல் என்கிற ஒரே கம்பனி ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்களை வளைத்துப்போட்டது. எங்கோ ஒரு தலைமையகத்தில் போட்ட பட்டியல்தான் பிறகு எல்லா ஊருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். சாரா ஜோன்ஸ் என்ற கவிஞர், ராப் பாட்டுகள் பெண்களைக் கேவலப்படுத்துவதை எதிர்த்து ஒரு ராப் செய்தார். போர்ட்லாண்டில் ஒரு சமூக வானொலி அதைப் போட்டது. 2001இல் அரசு ஆணையம் அதை ஆபாசம் என்று சொல்லி அந்த வானொலிக்கு 7,000 டொலர் அபராதம் விதித்தது. யாரைக் கண்டித்துப் பாடினாரோ அவர்களுடைய பாட்டுகளெல்லாம் பெரிய ரேடியோக்களில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவர் வழக்குப் போட்டு, 2003இல்தான் அந்த முடிவை வாபஸ் வாங்கினார்கள். ரேடியோவின் கதவு யாருக்குத் திறக்கிறது, யாருக்கு மூடுகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

பழைய கன்சோல்

வேண்டாம், நீங்கள் சொன்னது இரண்டும் உண்மை. ஆனால் அந்தச் சட்டம் வந்த பிறகும் கதவு ஒரேயடியாக மூடவில்லை. 2008இல் எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' பில்போர்டில் 4ஆம் இடத்துக்கு வந்தது. லண்டனில் பிறந்து சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நம் பிள்ளை மாயா அருள்பிரகாசம். வெளிநாட்டிலிருந்து வந்தவனை எல்லாரும் திருடனாகப் பார்க்கிற பார்வையைத் திருப்பிக் காட்டுகிற பாட்டு. கோரஸில் துப்பாக்கிச் சத்தம் வரும். எம்.டிவியில் அந்தச் சத்தத்தை மழுங்கடித்துப் போட்டார்கள். அவருக்கு அதில் கோபம், நியாயமான கோபம். ஆனாலும் பாட்டின் பொருள் மழுங்கவில்லை, ஏனென்றால் சரணம் அப்படியே இருந்தது.

டிக்கோயா தப்பு

இந்த இழையில் அமெரிக்காவே அதிகம் பேசப்படுகிறது. நம் பக்கத்தையும் பார்ப்போம்.

மேடையில் நின்று கூலியையும் கங்காணியையும் பாட்டாகச் சொல்வது நமக்குப் புதுசு இல்லை. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய காலத்தில், அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடித்தான் ஆட்களைச் சேர்த்தார். தோட்டத்துக்குள் வெளியார் கால் வைக்க முடியாத காலம் அது. அந்தப் பாட்டுகளை 1940இல் புத்தகமாகவும் போட்டார். சி. வி. வேலுப்பிள்ளை ஐயா தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படித்துப் பாருங்கள். கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை ஒருவரையும் விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மலையில் நின்று கட்டிய பாட்டுகள்.

அப்புறம் காமன் பண்டிகை. காமன் எரிந்தான் என்று எரிந்த கட்சி, எரியவில்லை என்று எரியாத கட்சி, இப்படி இரண்டு பக்கம் நின்று லாவணிப் பாட்டில் கேள்வி போட்டு, அந்த இடத்திலேயே பாட்டாகப் பதில் சொல்கிற வழக்கம் தமிழில் எவ்வளவு பழையது! ராப் பாடுகிற பிள்ளைகள் மேடையில் ஒருவரையொருவர் மடக்குவதைப் பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

தம்பி, கோரஸில் தப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜத் தப்பா, கம்ப்யூட்டர் சத்தமா? நிஜம் என்றால் எங்கே பதிந்தீர்கள்? நம் பக்கத்துக் குளிருக்கும் ஈரத்துக்கும் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சி, கையால் தட்டிப் பார்த்து, சத்தம் 'கணீர்' என்று ஏறின பிறகுதான் பதிய வேண்டும். பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கிவிடும், அடுப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மைக்கைத் தோலுக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் சரித்து வைத்தால் மெல்லிய குச்சியின் அடியும் தடித்த குச்சியின் அடியும் தனித்தனியாகக் கேட்கும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே சத்தமாக அமுங்கிப்போகும்.

திருவிழாவிலும் சாவு வீட்டிலும் தப்படிக்கிறவரைக் கூப்பிடுகிறோம், ஆனால் சாப்பிட உட்காரும்போது அவருக்குத் தனி இடம் காட்டுகிற ஆட்கள் இன்றும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அதே தப்பு எஃப்.எம்.மில் ஒலித்தால் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது என்ன மாதிரி இருக்கும் என்று யோசியுங்கள். இதற்காகவே இந்தப் பாட்டு ரேடியோவில் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஆட்டுப்பட்டித்தெரு

நான் இராகலைப் பக்கம், இப்போது கொழும்பு 13இல் ஒரு கடையில் வேலை. தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் போகிற பஸ்களில் 'என்ஜாய் எஞ்சாமி' ஓடிய காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 2021. அதை எழுதிய அறிவுவின் பாட்டி வள்ளியம்மாள் நம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதினார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவருடைய பேரன் எழுதிய பாட்டு, நாம் இருக்கிற மலைக்கே திரும்பி வந்து ஒலித்தது. என் அம்மம்மாவுடைய தங்கச்சியும் அப்படிப் போனவர்தான். அந்தப் பாட்டு பஸ்ஸில் வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்று. அதற்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன், இத்தனை கோடிப் பேர் கேட்ட பாட்டால் தங்களுக்கு ஒரு சதம்கூட வரவில்லை என்று 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆகவே தம்பி, ரேடியோவில் வருகிறதோ இல்லையோ, பாட்டு யாருடையது, யார் எழுதினது, தப்பு அடித்தவர் யார் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி நீங்கள் உருவாக்கின பாட்டின் உரிமை உங்களுக்குத்தான். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை இருக்கிறது. ஆனால் தகராறு வந்தால் கையில் தாள் இருக்க வேண்டும்.

சம்பளத் தொகையைப் பாட்டில் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018இல் காலிமுகத்திடலில் நம் பிள்ளைகள் கறுப்பு உடையில் திரண்டு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டபோது, ஆயிரம் என்று கோரஸ் வைத்து நிறையப் பாட்டுகள் வந்தன. 2021 மார்ச்சில் ஆயிரம் வர்த்தமானியில் வந்தது. 2024இல் 1,350. அந்தப் பாட்டுகளை இன்று போட்டால் பழசாகக் கேட்கிறது, விலைவாசி மட்டும் இன்னும் மேலே போயிருக்கிறது. உங்கள் பாட்டில் ரூபாய்க் கணக்கு இல்லாமல் கிலோக் கணக்கு இருப்பது நல்லது. தராசில் கழிப்பது இன்னும் நின்றபாடில்லை.

பழைய கன்சோல்

இப்போது தொழில் விஷயம். தம்பி, தயாரிப்பாளருக்குச் சாக்குச் சொல்ல இடமே கொடுக்காதீர்கள். சரணத்தின் பொருளைப் பற்றி மட்டும்தான் அவர் பேச முடியும் என்கிற நிலைக்குப் பாட்டைக் கொண்டுவாருங்கள். பாதிப் பாட்டுகள் அரசியலால் திரும்பி வருவதில்லை, ஒலியால் திரும்பி வருகின்றன.

முதலாவது, மோனோவில், அதாவது இடது வலது பிரிக்காத ஒற்றை ஒலியில், கேட்டுப் பாருங்கள். நம் மலைகளுக்கு நடுவில் எஃப்.எம். அலை நேர்கோட்டில்தான் வரும். பள்ளத்தில் இருக்கிற லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, சிக்னல் பலவீனமாக வரும், அப்படி வரும்போது ரேடியோப் பெட்டி தானாகவே மோனோவுக்கு மாறிவிடும். பட்டன் போனில் இருப்பது ஒரே ஸ்பீக்கர், விரல் நகம் அளவு. ஸ்டூடியோவில் இடது வலது என்று பிரித்து அழகாக வைத்த குரல்கள் மோனோவில் ஒன்றையொன்று விழுங்கிவிடலாம்.

இரண்டாவது, 808 பேஸ், அதாவது ராப் பீட்டில் வருகிற ஆழமான மின்னணு அடிச்சத்தம். உங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் பாட்டைக் கட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தின் பெரும்பகுதி 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே. ஊவாக்காரி தங்கச்சியின் அம்மா படங்குக்குள் வைத்திருக்கிற போனில் அது கேட்கவே கேட்காது. அங்கே தாளம் இல்லாத வெறும் பேச்சுதான் மிஞ்சும். தப்பின் அடி அதற்கு மேலே, நடுப்பகுதியில் விழுகிறது. சின்ன ஸ்பீக்கரில் அதுதான் வெட்டிக்கொண்டு வெளியே வரும். கோரஸில் மட்டும் வைத்ததைப் பாட்டு முழுக்கத் தாளமாக ஓட விடுங்கள். டிக்கோயாத் தம்பி ஆசைப்பட்டதும் நடக்கும், பாட்டும் மலைக்கு மலை கேட்கும்.

மூன்றாவது, தொடக்கம். அறிவிப்பாளர் பேச எட்டுப் பத்து விநாடி குரலில்லாத இசை விடுங்கள். முழு நீளம் மூன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இதெல்லாம் விட்டுக்கொடுப்பதில் சேராது.

கடைசியாக, பாட்டுத் தெரிவு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் தமிழ் நிலையங்களில் இந்தியச் சினிமாப் பாட்டுக்குத்தான் பெரிய இடம், உள்ளூர்ப் பாட்டுக்கு மணிக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. புதுப் பாட்டை முதலில் இரவில் போட்டுப் பார்ப்பார்கள். யாராவது அதைக் கேட்டுப் போன் எடுத்தால் பகலுக்கு வரும். இலங்கை வானொலிக் காலத்தில் நேயர் விருப்பத்துக்குத் தோட்டங்களிலிருந்து தபாலட்டை மூட்டையாக வரும். பெயர், டிவிசன், தோட்டம், தபால் நிலையம் என்று எல்லாவற்றையும் எழுதியிருப்பார்கள். அறிவிப்பாளர் அதை வாசித்தால் அந்த லயமே அன்றைக்கு ரேடியோவைச் சுற்றி நிற்கும். இன்று அது வாட்ஸப் குரல்பதிவாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஊரிலிருந்து கூட்டாளிமார் நூறு பேர் அனுப்புவதைவிட, வெவ்வேறு தோட்டத்திலிருந்து அம்மாமார் பத்துப் பேர் தங்கள் தோட்டத்துப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தயாரிப்பாளருக்கு உறைக்கும். விளம்பரக்காரர் பெயரைச் சொல்லிப் பயந்தவர், நேயர் பெயரைச் சொல்லித் துணிவார். நான் அங்கே உட்கார்ந்து பார்த்தது இது.

ஊவாக்காரி

ஐயா சொன்ன நேரக் கணக்கோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாரும் பிரைம் டைம் என்றால் மாலை ஆறு ஏழு மணியை நினைக்கிறார்கள். தோட்டத்துப் பெண்களுக்கு அது விறகும் அடுப்பும் பிள்ளைகளின் பாடமும் சேர்ந்த நேரம், ரேடியோ பாடினாலும் காதில் விழாது. விடிய ஐந்திலிருந்து, வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குக் கிளம்புகிறவரைதான் உண்மையில் அவர்கள் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் பக்திப் பாட்டுதான் போகிறது. அதை யாரும் எடுக்க வேண்டாம். அது முடிந்து செய்திக்கு முன்னால் ஒரு பாட்டுக்கு இடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயமும் மனதில் கிடக்கிறது. ராப் பாடுகிற பையன்கள் எல்லாரும் அம்மாவைப் பாடுகிறார்கள். அம்மா கஷ்டப்பட்டாள், அம்மா நனைந்தாள், அம்மா கூடை தூக்கினாள். கேட்கும்போது கண் கலங்குகிறது, சரி. ஆனால் அந்த அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஒப்பாரியும் தாலாட்டும் கும்மியும் கட்டியவர்கள் பெண்கள். டிக்கோயா அண்ணன் சொன்ன மலைப் பாட்டுகளைக் கட்டியவர்களும் அவர்கள்தான். மைக் தம்பி, உங்கள் சரணத்தை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். எங்கள் தோட்டத்தில் மழை நாளில் தண்ணிக்கு ரெண்டு இல்லை, மூணு என்றார். பிறகு நிறுவைக்காரர் தராசைப் பிடிக்கிற விதத்தைக் கையால் செய்து காட்டினார்: முள் ஆடி நிற்கும்முன் வாயால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடுவாராம். எழுதுவது பிறகுதானாம். இருபது வருடத்துக்கு மேலாக அதைப் பார்த்த ஆள் சொல்கிற விதத்தை எந்த ராப்பரும் எழுத முடியாது. அதை அவர் குரலிலேயே பதிந்து பாட்டுக்குள் வையுங்கள்.

கொட்டகலை செல்வா

தங்கச்சி சொன்னதைப் படித்த பிறகு நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் குரலை வைத்தால் நிர்வாகம் ஆளை அடையாளம் கண்டுகொள்ளாதா? பாடுகிற பையன் கொழும்புக்குப் போய்விடுவான். அம்மா அடுத்த நாள் காலையில் அதே தராசுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

ஊவாக்காரி

நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். பெயர் வேண்டாம், தோட்டத்துப் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கணக்கு எல்லாத் தோட்டத்திலும் ஒன்றுதான், யார் என்று கண்டுபிடிக்கட்டும் என்றார். பக்கத்து நிரை அக்காமார் இரண்டு பேரும் பேசத் தயார். மூன்று குரலும் கலந்து வந்தால் யாருடையது என்று சொல்ல முடியாது. பேசுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள், அவர்களுக்காக நாம் பயப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மஸ்கெலியா மைக்

எல்லாருக்கும் நன்றி. கூட்டாளிமாரோடு உட்கார்ந்து இந்த இழை முழுக்க வாசித்தோம்.

சரணம் மாறாது. மழைத் தண்ணிக் கழிவை 'மூணு' என்று மாற்றுகிறோம், எதுகைக்கும் பழுதில்லை. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பீட்டை நிறுத்திவிட்டு, தப்பு மட்டும் மெதுவாக ஓட, அம்மாமாரின் மூன்று குரலை வைக்கிறோம். 808ஐக் குறைத்தோம். பழைய போனில் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கே வித்தியாசம் தெரிந்தது, முன்பு வெறும் சொல்லாகக் கேட்ட இடத்தில் இப்போது தாளம் இருக்கிறது. தொடக்கத்தில் இருந்த நீளமான கீபோர்ட் துண்டையும் இரண்டாவது கோரஸில் பாதியையும் வெட்டினோம். வெட்டினதில் எதற்கும் மனம் நோகவில்லை.

அதே தயாரிப்பாளருக்குத்தான் மறுபடி அனுப்பப்போகிறோம். மாற்றச் சொன்ன இடத்தை ஏன் மாற்றவில்லை என்று ஒரு பக்கம் எழுதியும் வைக்கிறோம். மற்ற நிலையங்களுக்கும் போகும். செல்வா அண்ணே, நீங்கள் சொன்ன யூடியூப்பும் உண்டு, அதே நாளில். டிக்கோயா அண்ணே, தப்பை மறுபடி பதிய வேண்டும். முன்பு பதிந்தது ஸ்டூடியோ என்று சொல்கிற ஒரு சின்ன அறையில், தோல் காய்ச்சாமல். உங்களால் வர முடியுமா?

டிக்கோயா தப்பு

கட்டாயம் வருகிறேன் தம்பி. எங்கள் செட்டில் வாசிக்கிற அண்ணனையும் கூட்டி வருகிறேன், அவர் கை என் கையைவிடச் சுத்தம். ஆட்டுப்பட்டித்தெருத் தம்பி சொன்ன மாதிரி அவர் பெயரும் பாட்டில் எழுத்தில் வர வேண்டும், வாசித்ததற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். அறைக்குள் வேண்டாம், இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் பதிவோம். விறகு நான் கொண்டுவருகிறேன்.

கொட்டகலை செல்வா

வீடியோ நான் எடுத்துத் தருகிறேன். முகம் எதையும் காட்டமாட்டேன், தராசும் கைகளும் மட்டும். ரேடியோக்காரர் இந்தத் தடவையும் மறுத்தால், அவர் என்ன காரணம் சொன்னார் என்பதையும் இங்கே எழுது தம்பி.

பழைய கன்சோல்

அனுப்பும்போது எம்.பி.3 அனுப்பாதீர்கள், வேவ் கோப்பாக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே பாட்டின் பெயர், குழுவின் பெயர், நீளம், போன் நம்பர் நான்கும் இருக்கட்டும். வரிகளைத் தனித் தாளில் தட்டச்சு செய்து வையுங்கள். வரிகள் கையில் இல்லாவிட்டால், இரவு நேரத்தில் இருக்கிற இளம் அறிவிப்பாளர் உள்ளே என்ன இருக்கிறதோ என்று பயந்து ஒதுக்கிவிடுவார். மற்றபடி பதிவு நாளன்று எனக்கு ஒரு சொல்லு தம்பி, நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் ஹட்டனுக்கு வந்துவிடுவேன். மிக்ஸை நான் பார்த்துத் தருகிறேன்.